கொடியேற்றத்துக்கு முந்திய வாரம்

கோவில்பட்டியிலிருந்து காமநாயக்கன்பட்டிக்குப் புறப்பட்ட பஸ் வழியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் சாலையோரப் புளியமரங்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பீப்பாயில் அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். சுண்ணாம்பு கொதித்துப் புகைந்துகொண்டிருந்தது. ஆடிக் காற்று அந்த வாடையை அள்ளிக்கொண்டு வந்து பஸ்ஸுக்குள் கொட்டியது. முந்தானையாலும் துண்டாலும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, ஜன்னலோரம் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை மட்டும் முகத்தை வெளியே நீட்டி ஆழ மூச்சிழுத்தார்.

"என்ன ஆச்சி, தும்மல் வரப்போகுது" என்றாள் பேத்தி.

"வரட்டும். இது கொடியேத்த வாசம்லா" என்றார் அவர்.

பேத்தி சென்னையில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் கொடியேற்றம் என்றால் ஒலிபெருக்கி, பட்டாசு, மின்விளக்குத் தோரணம். கோவில்பட்டியில் எல்லோராலும் 'டீச்சர்' என்று அழைக்கப்படும் அவள் ஆச்சிக்கோ கொடியேற்றம் என்றால் முதலில் சுண்ணாம்பு, பிறகு ஓடு, பிறகு தண்ணீர்க் குடம், அதற்கும் பிறகுதான் பூசை மணி. அவர் பிறந்த ஊர் காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா கோயில் இருக்கும் ஊர். மதுரை மிஷனின் பழைய தலங்களில் ஒன்று அது. இத்தாலியிலிருந்து 1710-ல் இந்தியா வந்த வீரமாமுனிவர் இந்த ஊரிலும் தங்கிப் பணி செய்திருக்கிறார். 'தேம்பாவணி' பாடிய மனிதர் நடந்த மண் என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக்கொள்வார்கள்.

ஆகஸ்ட் 6-ஆம் தேதி கொடியேறும். 15-ஆம் தேதி மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவோடு முடியும். மாதா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1950-ல்தான். கரிசல்காட்டு ஜனங்கள் அந்த அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே பரலோக மாதா என்று பெயர் சொல்லிக் கும்பிட்டு, ஆடு கோழியோடும் அரிசி மூட்டையோடும் வண்டி கட்டி வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களில் கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை. மொட்டை போட, காது குத்த, நேர்ச்சை செலுத்த எல்லாச் சாதி சனமும் வந்தது. இப்போதும் வருகிறது.

திருவிழாவைப் பற்றிச் சொல்ல ஆளிருக்கிறது. டீச்சர் சொல்ல விரும்புவது அதற்கு முந்திய வாரத்தைப் பற்றி.

ஆடியில் கரிசல்காட்டில் விவசாய வேலை குறைவு. மானாவாரி மண்ணில் விதைப்பு என்பது புரட்டாசி, ஐப்பசிதான். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி எதுவானாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் போட வேண்டும். மாசி, பங்குனியில் பருத்தி விற்ற காசு ஆடிக்குள் கரைந்திருக்கும். கை சும்மா இருக்கும், பையும் சும்மா இருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. ஆடியில் யாரும் புதுவீடு தொடங்க மாட்டார்கள். அதனால் கொத்தனார்களுக்கு வேலை கிடையாது. மற்ற மாதங்களில் நாலு நடை நடந்தாலும் பிடிபடாத கொத்தனார், கோயில் திருவிழா வாரத்தில் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார். மராமத்து வேலைக்குச் சாத்திரம் தடையில்லை. அந்த ஊரில் வீட்டு வேலையும் திருவிழாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதற்கு இதெல்லாம் சேர்ந்துதான் காரணம்.

முதல் நாள் சுண்ணாம்பு நீற்றுவது. முற்றத்து மூலையில் பாதி புதைத்த பெரிய மண் தொட்டி. அதில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொட்டி, டீச்சரின் ஆச்சி நின்ற இடத்திலிருந்தே தண்ணீரை வீசுவார். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு கல் முனகும். விரிசல் விடும். சடசடவென்று வெடித்துக் குழம்பாகக் கொதிக்கும். தெறித்தால் கண் போய்விடும் என்று பிள்ளைகளைத் திண்ணைக்கு விரட்டுவார்கள். அவர்கள் தூண் மறைவில் நின்று பார்ப்பார்கள். இரவெல்லாம் ஆறவிட்டு, மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சிப் பசை, கொஞ்சம் உப்பு, ஒரு சிட்டிகை நீலம். நீலம் கூடினால் சுவர் வானம்போல் ஆகிவிடும் என்று ஆச்சி வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். தூரிகை என்று கடையில் வாங்கியதில்லை. பனைமட்டையின் அடியைக் கல்லில் வைத்து நசுக்கினால் நார் பிரியும், அதுதான் மட்டை. சுவரில் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, ஈரச் சுவர் மாதிரிதான் இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். காலையில் அடித்த சுவர் பகல் சாப்பாட்டு வேளைக்குக் கண்ணைப் பறிக்கும்.

வெள்ளையடிக்கும் முன் வெடிப்பை அடைக்க வேண்டும். கரிசல் மண்ணில் வீடு கட்டி வாழ்கிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை தெரியும். இந்த மண்ணின் களிக்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காட்டில் பாளம் பாளமாக வாய் பிளந்து கிடப்பதும், மழை பெய்தால் சைக்கிள் சக்கரம் சுற்றாதபடி மட்கார்டுக்குள் அப்பிக்கொள்வதும் ஒரே மண்தான். அந்த மண் வருஷத்துக்கு ஒருமுறை தூக்கி ஒருமுறை இறக்கினால் மேலே நிற்கும் சுவர் என்ன செய்யும்? அதனால் வானம் தோண்டும்போது கரிசலைக் கடந்து சுக்காம்பாறை தட்டும்வரை அஸ்திவாரத்தை இறக்கு என்பார்கள். அவ்வளவு ஆழம் தோண்ட எல்லோரிடமும் காசு இருந்ததா? டீச்சரின் தாத்தாவிடம் இல்லை. எனவே நடுவீட்டுச் சுவரில், நிலையின் மேல் மூலையிலிருந்து உத்தரம் வரை, சாய்வாக ஒரு வெடிப்பு. ஆடியில் அதற்குள் அஞ்சு பைசாவைச் செருகலாம். கார்த்திகையில் ஊசி நுழையாது.

டீச்சரின் அய்யா வருஷாவருஷம் அந்த வெடிப்பை அளப்பார். எங்கே முடிகிறது என்று பார்த்து, நிலையின் மரத்தில் பேனாக்கத்தியால் ஒரு கீறல். சுவரில் குறித்தால் சுண்ணாம்பு மூடிவிடும் என்று மரத்தில். கொத்தனார் வந்ததும் முதலில் அந்தக் கீறல்களைத்தான் தடவிப் பார்ப்பார்.

"சிமெண்ட் வச்சு அடைச்சிருவோமா?" என்று அய்யா கேட்ட வருஷம் ஒன்று உண்டு. தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டிக் கடைகளில் மூட்டை தாராளமாகக் கிடைத்தது. கொத்தனார் தலையை ஆட்டினார். "வேண்டாம்யா. சிமெண்டு விட்டுக் கொடுக்காது. மழைக்கு மண்ணு தூக்கும்போது இந்த வெடிப்பு மூட இடம் வேணும். இங்க அடைச்சா அது பக்கத்துல வேற எடத்தப் பொளந்துக்கிடும். சுண்ணாம்பும் மணலுமே போடுவோம். அடுத்த ஆடிக்கு நான் வரமாட்டனா?" அவர் அடுத்த ஆடிக்கும் வந்தார். அதற்கடுத்த ஆடிக்கும் வந்தார். சுண்ணாம்புக் காரை கொஞ்சம் அசைவைத் தாங்கும், மயிரிழை விரிசல்களைக் காலப்போக்கில் தானே மூடிக்கொள்ளும் என்று இன்று கட்டடப் பொறியாளர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர் கரணையைப் பிடித்த கையால் அதைத் தெரிந்து வைத்திருந்தார்.

அடுத்தது கூரை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் பேயாய் வீசும். இன்று கயத்தாறில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காலத்தில் அதே காற்று ஓட்டைக் கிளப்பிப் போட்டது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும். திருவிழாவுக்கு விருந்தாட்கள் வருவார்கள் என்பதால் அதையும் அந்த வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். ஓட்டைப் பிரித்து, உடைந்ததை ஒதுக்கி, நல்லதை அடுக்கி, உளுத்த கைமரத்தை மாற்றி, திரும்ப மேய வேண்டும்.

அப்படி ஒரு வருஷம் ஓடு முழுவதும் முற்றத்தில் இறங்கியிருந்த இரவு மழை வந்தது. ஆடியில் அந்தப் பக்கம் மழை என்பது யாரும் எதிர்பார்க்காத ஒன்று. மின்னல் வெட்டியதும் ஆச்சி எழுந்து உட்கார்ந்து "மாதாவே" என்று ஒரு குரல் கொடுத்தார். அந்தக் குரல் தெருமுனை வரை கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நாயக்கர் குடும்பம் பனையோலைப் பாயோடு ஓடிவந்தது. எதிர்வீட்டார் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து தார்ப்பாயைத் தூக்கிவந்தார்கள். கோயில் பந்தலுக்குக் கால் நட்டுவிட்டு அங்கேயே படுத்திருந்த வாலிபர்கள் கைமரத்தில் ஏறி அதை விரித்துப் பிடித்தார்கள். நெல் குதிரை மூடியாயிற்று. துணிப்பெட்டியைத் தூக்கியாயிற்று. பள்ளிக்கூட நோட்டுகள் நனைந்தன. அன்றைக்கு அடித்த வெள்ளை கரைந்து திண்ணை வழியாகப் பால்போல ஓடியது. பங்குச் சாமியார் குடையோடு வந்து, வகுப்பறையைத் திறந்துவிடச் சொல்லி, பிள்ளைகளை அங்கே படுக்க வைத்தார். விடிந்ததும் அதே வாலிபர்கள் வந்தார்கள். பந்தல் வேலை அன்றைக்கு நின்றது. ஓடு முழுவதும் பொழுது சாய்வதற்குள் ஏறிவிட்டது. யாரும் கூலி வாங்கவில்லை. ஆச்சி பானை நிறையக் கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார். அதைச் சொல்லும்போது டீச்சர் இப்போதும் அந்த வாலிபர்களின் வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

இத்தனை வேலைக்கும் தண்ணீர் வேண்டுமே! கரிசல் கிணறுகளில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். சுண்ணாம்புக்கும் காரைக்கும் அது ஆகும் என்று சிலர் சொல்வார்கள், கொத்தனார் ஒப்பமாட்டார். சுவர் பூத்துவிடும் என்பார். எனவே நல்ல தண்ணிக் கிணற்றுக்கு நடை. டீச்சரும் அவருடைய அக்காவும் சித்தி மகளும் விடியுமுன் வரிசையில் நிற்பார்கள். முதல் இரண்டு குடம் சமையலுக்கு, மற்றதெல்லாம் சுவருக்கு. பூசிய சுவருக்கு மூன்று வேளையும் தண்ணீர் காட்டுவது பெண்பிள்ளைகளின் பொறுப்பு. தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் கோவில்பட்டிக்கு வந்த பிறகு டவுனில் குடியேறிய டீச்சர், குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் இன்றும் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

காசு? அதற்குத்தான் தீப்பெட்டி. அந்த வட்டாரத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். ஆபீஸிலிருந்து மெல்லிய மரச்சில்லும் நீலத்தாளும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். மடித்து, பசை தடவி, ஒட்டி, குரோஸ் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. திருவிழா வாரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்டு எடுப்பார்கள். புதுப் பாவாடைக்கும் தம்பியின் புதுநன்மைச் சட்டைக்கும் அந்தக் கூலிதான். பகலெல்லாம் சுண்ணாம்பில் ஊறி வெந்த விரல். இரவில் அதே விரலில் பசை. பிள்ளைகளின் கை அது என்பதை டீச்சர் மறைப்பதில்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தபோது அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையின் விரல் நுனியைப் பார்த்தே எத்தனை குரோஸ் ஒட்டிவிட்டு வந்திருக்கிறது என்று அவரால் சொல்ல முடியும். அந்த வாரத்தின் எல்லாவற்றையும் திரும்பப் பெற விரும்பும் அவர், இந்த ஒன்று மட்டும் திரும்பக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார். சரியான நிலைப்பாடு.

வீட்டில் இப்படி என்றால் கோயிலிலும் அதே பரபரப்பு. பீடத்துக் குத்துவிளக்குகளையும் மெழுகுதிரித் தண்டுகளையும் புளி போட்டுத் தேய்ப்பார்கள். சுரூபங்களைத் துடைப்பார்கள். தேரை வெளியே இழுத்து அச்சுக்கு எண்ணெய் விடுவார்கள். சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை. சுண்ணாம்புத் தெறிப்போடு அப்படியே வந்து நிற்பவர்களும் உண்டு. அதன்பின் பாட்டுப் பயிற்சி. டீச்சர் சிறுமியாக இருந்தபோது பூசை லத்தீனில் நடந்தது. பொருள் தெரியாத பாட்டுகளை இராகம் பிசகாமல் பாடுவார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழ் வந்தது. சாமியார் மக்களைப் பார்த்து நின்று பூசை வைத்தார். முதல் தமிழ்த் திருவிழாவுக்குப் புதுப்பாட்டுகளைப் படிக்கும் வேலையும் அதே வாரத்தில்தான் சேர்ந்தது. சுவருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே மூன்று பெண்களும் பாடிப் பழகினார்கள். ஆச்சிக்கு ஆரம்பத்தில் மனசு ஒப்பவில்லை. தமிழில் பூசை கேட்ட முதல் நாளில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "இவ்வளவு நாளும் இதயா சொல்லிக்கிட்டு இருந்தாக?" என்று மட்டும் கேட்டார்.

கொடியேறியதும் விருந்தாட்கள் வரத் தொடங்குவார்கள். பம்பாயில் வேலை பார்த்த பெரியப்பா, சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வரும் மாமா, கழுகுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தை. எல்லோரும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். "என்ன மதினி, இந்த வருஷம் நீலம் தூக்கலா?" என்று மாமா கேட்டால் ஆச்சி முதல் அம்மா வரை பதில் சொல்ல ஆளிருக்கும். ராத்திரி செபமாலை, முடிந்ததும் முற்றத்தில் வரிசையாகப் பாய். புதுச் சுண்ணாம்பு தோளில் ஒட்டும் என்று சுவரிலிருந்து தள்ளிப் படுக்கச் சொல்வார்கள். காலையில் எல்லார் முதுகிலும் வெள்ளை. 15-ஆம் தேதி நாட்டுக்கும் சுதந்திர தினம் என்பதால் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு, அதே சட்டையோடு தேர் பார்க்க ஓடிய நாட்களை டீச்சரின் தம்பி இன்றும் பேசுவார். தேருக்குப் பின்னால் கும்பிடு சேவை செய்கிறவர்கள் விழுந்து எழுந்து வரும் தெருவில், அவர்கள் நெஞ்சுக்குச் சூடு தெரியக் கூடாது என்று இதே நல்ல தண்ணிக் கிணற்றுத் தண்ணீரைத் தெளித்து வைப்பார்கள்.

பழைய வீடு இப்போது இல்லை. அதே இடத்தில் தம்பி கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறார். பழைய நிலை மட்டும், அய்யாவின் கீறல்களோடு, புதுவீட்டின் நடு அறையில் இருக்கிறது. அதற்கு வார்னிஷ் அடிக்கக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. கான்கிரீட்டும் வெடிக்கத்தான் செய்தது. சாதாரண ஆழத்தில் போட்ட அஸ்திவாரத்தைக் கரிசல் சும்மா விடாது. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே அடியில் குமிழ்போல் விரிந்த தூண் அஸ்திவாரத்தை உருவாக்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்தில் அது ஊன்றி நிற்கும். அந்தக் காலத்துக் கொத்தனார் சுக்காம்பாறை தட்டும்வரை போகச் சொன்னதும் இதற்காகத்தான். கரிசலில் வீடு கட்டப்போகிறவர்கள் மேலே டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் ஒதுக்கும் காசில் கொஞ்சத்தைக் கீழே இறக்கினால் நல்லது.

மாறியது வீடு மட்டும் இல்லை. பெயிண்ட் வேலை இப்போது காண்ட்ராக்ட். வீட்டார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனில் படம் வாங்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். தெருவில் பாதி வீடுகள் வருஷம் முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன. 14-ஆம் தேதி ராத்திரி கார்கள் வந்து நிற்கின்றன. தேர் நிலைக்கு வந்ததும் புறப்படுகின்றன. பெரியவர்கள் அதற்கும் சந்தோஷப்படுகிறார்கள், ஆனால் பேசுவதற்குள் வந்தவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். முன்பு ஒரு வாரம் சேர்ந்து வேலை செய்ததில்தான் எந்த மாமாவுக்கு எந்தக் கால் வலிக்கிறது, எந்த வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்தத் தம்பிக்குப் படிக்கக் காசில்லை என்பதெல்லாம் தெரியவந்தது. சுவர் பூசும்போது பேசித் தீர்த்த பங்காளிச் சண்டைகள் எத்தனையோ.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் 2021-ல் மறைந்தபோது, அவர் படித்த ஊர்ப் பள்ளியைப் பழமை மாறாமல் புதுப்பிக்கப்போவதாக அரசு அறிவித்தது. பெரிய எழுத்தாளரின் பள்ளிக்கு அரசு இருக்கிறது. தெருவில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகளுக்கும் காரை வீடுகளுக்கும் அந்தந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். சுண்ணாம்பு இன்னும் கடையில் கிடைக்கிறது. அந்த வேலை தெரிந்த பழைய கொத்தனார்களும் கோவில்பட்டி வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

வெளியூரில் இருக்கும் காமநாயக்கன்பட்டிக்காரர்களே, சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளே, இந்த வருஷம் 14-ஆம் தேதி இரவுக்கு டிக்கெட் போடாதீர்கள். ஜூலைக் கடைசியிலேயே வந்துவிடுங்கள். வீட்டுப் பெரியவரை நாற்காலி போட்டு முற்றத்தில் உட்கார வையுங்கள். நீலம் எவ்வளவு என்று அவர் சொல்லட்டும், மட்டையை நீங்கள் பிடியுங்கள். 6-ஆம் தேதி கொடியேறும்போது வேலை முடிந்திருக்கும்.